ஏரி வற்றினால் நத்தை எங்கே போகிறது?

காஞ்சிபுரத்தை ஏரிகளின் மாவட்டம் என்று சொல்வது வழக்கம். அந்த ஏரிகளில் பெரும்பாலானவை ஆண்டு முழுவதும் நீர் நிற்காதவை என்பது அந்தப் பெருமையில் விடுபட்டுப்போகும் செய்தி. உத்திரமேரூர் வட்டத்தின் ஏரிகளும் தாங்கல்களும் குட்டைகளும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி, தை, மாசியில் நெல்லுக்குத் தண்ணீர் தந்து, பங்குனிக்குப் பிறகு கரையிலிருந்து உள்நோக்கிச் சுருங்கி, அக்கினி நட்சத்திரத்தின்போது மதகடிப் பள்ளத்தில் கொஞ்சம் சேற்றை மட்டும் வைத்துக்கொண்டு வெடித்த களிமண் தரையாகக் கிடக்கின்றன. அடுத்த மழை பெய்து முழங்கால் அளவு நீர் ஏறிய சில நாட்களிலேயே அதே தரையில் நத்தைகள் ஊர்கின்றன. நீந்திவரத் துடுப்போ பறந்துவரச் சிறகோ இல்லாத அவை எங்கிருந்தும் வந்து சேர்ந்தவை அல்ல. முந்தைய ஆண்டு ஏரியில் இருந்தவைதாம் அவற்றில் பெரும்பகுதி. நன்னீர் நத்தையின் மூச்சு, உணவு, இனப்பெருக்கம் ஆகிய மூன்றையும் விளங்கிக்கொள்வதற்கு, நிரம்பி வற்றும் ஏரியின் இந்த நடைமுறையே சரியான தொடக்கமாக அமையும்.

உத்திரமேரூரின் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காக எல்லோரும் அறிவார்கள். அந்தத் தேர்தலில் அமைக்கப்பட்ட குழுக்களில் ஒன்று ஏரி வாரியம். அதற்கு ஆறு உறுப்பினர்கள், பதவிக்காலம் 360 நாட்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஓர் ஊர்ச்சபை தன் ஏரிக்கென்று தனிக் குழு வைத்திருந்தது என்றால், இங்கே ஏரி என்பது இயற்கையாக அமைந்த நீர்ப்பரப்பு அல்ல, மனிதர் கரை எழுப்பி, வண்டல் அகற்றி, மதகு திறந்து மூடிப் பேணிய நீர்ப்பரப்பு என்பது தெளிவு. ஆகவே இதில் வாழும் நத்தையும், ஒரு வகையில், மனிதர் அமைத்த நீர்நிலைக்குள் குடியேறி அதன் நிறைவுக்கும் வறட்சிக்கும் ஈடுகொடுத்து வரும் உயிர்தான்.

குளத்திலும் வயலிலும் காணப்படும் நத்தைகள் ஒரே குலத்தைச் சேர்ந்தவை போலத் தோன்றினாலும், உடலமைப்பில் இரு பெரும் பிரிவாகப் பிரிகின்றன. முதல் பிரிவின் நத்தைகளுக்குச் செவுள் உண்டு. பாதத்தின் பின்பகுதியில் ஒரு மூடியும் உண்டு, உடல் ஓட்டுக்குள் சுருங்கும்போது அந்த மூடி வாயிலை அடைத்துக்கொள்கிறது. இரண்டாம் பிரிவில் மூடியும் இல்லை, முறையான செவுளும் இல்லை. அவற்றின் இடத்தில் நுரையீரல் போல வேலை செய்யும் ஒரு பை இருக்கிறது. காற்றை மூச்சாகக் கொண்ட முன்னோர்களிடமிருந்து வந்து மீண்டும் நீருக்குள் இறங்கிய இந்தப் பிரிவினர், தண்ணீரில் பிறந்து தண்ணீரிலேயே மடிந்தாலும் காற்றுக்காக நீர்மட்டத்துக்கு வந்துபோக வேண்டியவர்களாகவே இருக்கிறார்கள். கையில் எடுத்த நத்தை எந்தப் பிரிவு என்பதை அறிய, வாயிலில் மூடி இருக்கிறதா என்று பார்த்தாலே போதும்.

மூடியுள்ள பிரிவில் பெரியதும் ஊரார் நத்தை என்றவுடன் நினைப்பதும் ஆப்பிள் நத்தை எனப்படும் பைலா. கல்லூரி விலங்கியல் பாடங்களில் இடம்பெறும் பைலா குளோபோசா பெரிதும் வட இந்தியாவுக்கு உரியது. தென்னிந்தியக் குளங்களிலும் வயல்களிலும் வாழும் இனம் பைலா வைரன்ஸ். இரண்டும் உருண்டு திரண்ட, பச்சை கலந்த பழுப்பு ஓடு கொண்டவை. வளர்ந்த நத்தை ஏறத்தாழ 5 செ.மீ. உயரம் இருக்கும். கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் வெளியீட்டில் பெய்னி பிரசாத் 1925இல் எழுதிய பைலாவின் உடற்கூற்று விவரிப்பே பிற்காலப் பாடநூல்களுக்கெல்லாம் அடித்தளமாயிற்று. அந்த உடற்கூற்றில் வியப்புக்குரிய பகுதி மூச்சு உறுப்பு. ஓட்டின் உட்புறத்தை மூடியிருக்கும் தோல்மடிப்புக்குக் கீழே ஓர் அறை உள்ளது. தசையாலான ஒரு வரம்பு அந்த அறையை இரண்டாகப் பிரிக்கிறது. வலப்பக்கத்தில் நீரிலிருந்து ஆக்சிஜனை எடுக்கும் செவுளும், இடப்பக்கத்தில் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுக்கும் நுரையீரல் பையும் அமைந்திருக்கின்றன. நீர் தெளிவாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும்போது செவுள் வேலை செய்கிறது. வெயில் ஏறி, தழை அழுகி, நீரில் ஆக்சிஜன் குறையும்போது நத்தை தன் இடப்புறக் கழுத்து மடலைக் குழாயாக நீட்டி, உடலை நீருக்குள் வைத்துக்கொண்டே, மேலிருக்கும் காற்றை உள்ளிழுக்கிறது. பங்குனி மாதத்தில் வெந்நீர்போலக் காயும் ஏரியில் மீன்கள் வாய்பிளந்து திணறும்போதும் பைலா திணறுவதில்லை என்பதற்கு இதுவே காரணம்.

நீர் முற்றிலும் வற்றும் கட்டத்தில் பைலா சேற்றுக்குள் தன்னைப் புதைத்துக்கொள்கிறது. பாதத்தை மடித்து உள்ளிழுத்து, சுண்ணாம்புச் சத்தால் உறுதிப்பட்ட மூடியால் வாயிலை இறுக்கமாக அடைத்து, மேலே சேறு காய்ந்து கட்டியாகும்வரை அசையாமல் கிடந்து, மழை வரும்வரை பல மாதங்களை அப்படியே கழிக்கிறது. குளிர்நாட்டு விலங்குகளின் குளிர்கால உறக்கத்துக்கு இணையான இந்த நிலைக்குக் கோடையுறக்கம் என்று பெயர். இதை ஆழ்ந்து ஆராய்ந்தவர்களுள் வி. ஆர். மீனாட்சி முக்கியமானவர். தென்னிந்திய ஆப்பிள் நத்தையான பைலா வைரன்ஸ் கோடையுறக்கத்தின்போது ஆக்சிஜன் இல்லாமல் உயிர்வாழ்வது குறித்த அவருடைய ஆய்வு 1957இல் வெளிவந்தது. அதே பொருளில் அவர் மேலும் செய்த ஆய்வுகள் 1964இல் வந்தன. மூடி இறுகியபின் உள்ளே காற்றோட்டம் இல்லை. ஆகவே உடலில் சேர்த்துவைத்த சர்க்கரைச் சேமிப்பை ஆக்சிஜன் இல்லாமலே மெல்ல மெல்லச் சிதைத்து, உயிர் தங்குவதற்கு வேண்டிய சிறிதளவு ஆற்றலை மட்டும் உடல் பெற்றுக்கொள்கிறது. கழிவுக்கும் தனி ஏற்பாடு உண்டு: நீரில் இருக்கும்போது நத்தை தன் நைட்ரஜன் கழிவை அம்மோனியாவாக வெளியேற்றுகிறது, அதைக் கழுவிக்கொண்டுபோக நீர் இருக்கிறது, நீர் இல்லாத காலத்தில் நச்சுத்தன்மை குறைந்த, நீரில் எளிதில் கரையாத யூரிக் அமிலமாக மாற்றி உடலுக்குள்ளேயே தேக்கிவைக்கிறது. பாலைவனப் பல்லியும் பறவையும் கையாளும் உத்தியைக் குளத்து நத்தை கோடைக்கு மட்டும் கடன்வாங்கிக்கொள்வதாகச் சொல்லலாம்.

மழை வந்து சேறு இளகியதும் மூடி திறக்கிறது. சில நாட்களில் இணைசேர்க்கையும் தொடங்குகிறது. பைலாவில் ஆண், பெண் தனித்தனி. பெண் நத்தை நீரைவிட்டு வெளியேறி, கரையோர ஈர மண்ணில் பள்ளம் பார்த்து, சுண்ணாம்பு ஓடு கொண்ட வெண்ணிற முட்டைகளை நூற்றுக்கணக்கில் குவியலாக இடுகிறது. தண்ணீரில் வாழும் உயிர் தரையில் முட்டையிடுவது முரணாகத் தோன்றலாம். ஆனால் முட்டைக்குள் வளரும் கருவுக்குக் காற்று வேண்டும், மீனிடமிருந்தும் பூச்சியிடமிருந்தும் தப்பவும் வேண்டும். கடல் நத்தைகள் பலவற்றைப்போல நீரில் மிதந்து திரியும் இளம்பருவம் எதுவும் இதற்குக் கிடையாது. முட்டையிலிருந்து ஓட்டோடு கூடிய குட்டி நத்தையே நேராக வெளிவருகிறது.

தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுக்கும்போது நந்து எனப்படும் நத்தையை ஈரறிவுயிராக வைக்கிறது. தொடுவுணர்வும் நாவின் சுவையுணர்வும் அந்த இரண்டு. நாக்கைக் குறித்தவரை அந்த வகைப்பாடு நல்ல கவனிப்பின் விளைவு என்றே தோன்றுகிறது, ஏனெனில் நத்தையின் வாழ்வில் நாக்குதான் தலையாய கருவி. அதன் வாய்க்குள் தேங்காய்த் துருவிபோல, வரிசை வரிசையாக நுண்பற்கள் பதிந்த ஒரு நாடா இருக்கிறது. அதை முன்னும் பின்னும் இழுத்து, கல்லிலும் தண்டிலும் படிந்த பாசியை நத்தை சுரண்டுகிறது. பைலாவாக இருந்தால் நீர்த்தாவரங்களின் இளந்தளிரையே அறுத்துத் தின்கிறது. முன்வரிசைப் பற்கள் தேய்ந்து உதிர உதிரப் பின்னாலிருந்து புதிய வரிசைகள் நகர்ந்து வருகின்றன. எஞ்சிய புலன்களைப் பொறுத்தமட்டில் இன்றைய விலங்கியலின் கணக்கு சற்றுக் கூடுதல்: ஒளியையும் நிழலையும் பிரித்தறியும் கண்கள் உண்டு, உடல் எப்பக்கம் சாய்கிறது என்பதை உணர்த்தும் உறுப்பு உண்டு, மூச்சறைக்குள் நுழையும் நீரைச் சோதித்துப் பார்க்கும் மோப்ப உறுப்பும் உண்டு. காது மட்டும் இல்லை.

பைலாவின் ஓட்டையும் மூடியையும் நன்கு அறிந்த மற்றொரு உயிர் நத்தைகுத்தி நாரை. உத்திரமேரூருக்குத் தென்கிழக்கே, நேர்தொலைவில் 20 கி.மீ.க்கும் குறைவான தூரத்தில் உள்ள வேடந்தாங்கலிலும் அதற்கு அண்மையில் உள்ள கரிக்கிலியிலும் இந்த நாரைகள் கூடுகட்டுகின்றன. இரு சரணாலயங்களும் 2022இல் ராம்சர் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. வேடந்தாங்கல் ஊரார் பறவைகளைச் சுட்டதை எதிர்த்து முறையிட்டதன்பேரில் செங்கல்பட்டு ஆட்சியர் லயோனல் பிளேஸ் 1798இல் பாதுகாப்பு ஆணை வழங்கினார் என்பது பலரும் அறிந்த வரலாறு. எச்சம் கரைந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை ஊரார் அறிந்திருந்தார்கள். அந்த எச்சத்தின் ஒரு பகுதி, சுற்றியுள்ள ஏரிகளிலும் வயல்களிலும் பொறுக்கப்பட்ட நத்தைகளே. நாரையின் அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். அந்த இடைவெளியில் நத்தையை வைத்துப் பாக்குவெட்டி முறையில் உடைக்கிறது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 1960இல் ஜூலியன் ஹக்ஸ்லி பழைய பதிவுகளையும் அருங்காட்சியக மாதிரிகளையும் ஒப்பிட்டு அந்த நம்பிக்கையையே ஆதரித்தார். கீழலகின் கூரிய நுனியைச் செலுத்தி மூடியையும் தசையையும் விடுவித்து, ஓட்டை உடைக்காமல் சதையை மட்டும் நாரை உருவுகிறது என்பதைப் பிற்கால ஆய்வுகளே காட்டின. குஞ்சுகளின் அலகில் அந்த இடைவெளியே இல்லை, ஆயினும் அவையும் நத்தை தின்று வளர்கின்றன. சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணிபுரிந்த ஜெர்டன், கண்களை மறைத்தபின்னும் இந்த நாரை நத்தையைப் பிடித்துவிடுவதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பதிவுசெய்திருக்கிறார். கலங்கிய நீரில் அலகின் தொடுவுணர்வே அதற்குப் போதுமானதாக இருக்கிறது.

பைலாவைவிடச் சிறிய மூடியுள்ள நத்தைகளில் பெல்லாமியா முட்டையிடுவதில்லை; கருக்கள் தாயின் உடலறைக்குள்ளேயே வளர்ந்து, முழு நத்தைகளாகப் பிறக்கின்றன. ஆணை அடையாளம் காணவும் எளிய வழி உண்டு: அதன் வலப்புற உணர்கொம்பு இடப்புறத்தைவிடத் தடித்துக் குட்டையாக இருக்கும், இணைசேர்வதற்கான உறுப்பாக மாறியிருப்பதால். கோபுரம்போல நீண்டு கூர்ந்த ஓடு கொண்ட மெலனாய்டிஸ் டியூபர்குலேட்டா இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் பெண்கள் ஆணின் துணையின்றியே குட்டிகளைப் பெற்றெடுக்கின்றன, ஆதலால் ஒரே ஒரு நத்தை புதுக்குளத்தில் விழுந்தாலும் ஒரு கூட்டம் உருவாகிவிட முடியும். மீன்தொட்டிச் செடிகளோடு ஒட்டிச் சென்று அமெரிக்கக் கண்டங்கள்வரை பரவியிருக்கும் இந்த நத்தையை அறிவியலுக்கு முதலில் விவரித்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஓ. எஃப். முல்லர், ஆண்டு 1774. மாதிரி கிடைத்த இடமாக அவர் குறித்தது சோழமண்டலக் கடற்கரை. அக்காலத்தில் தரங்கம்பாடி டேனியர் வசம் இருந்தது. இன்று உலகம் முழுவதும் அயல்நாட்டு வரவாகக் கருதப்படும் ஒரு நத்தையின் அதிகாரபூர்வப் பெயர் தமிழகக் கரையிலிருந்து பிறந்திருக்கிறது என்பது இங்கே அதிகம் பேசப்படாத செய்தி.

மூடியற்ற பிரிவில் இரண்டு நத்தைகள் கவனத்துக்குரியவை. லிம்னேயா லூட்டியோலா, மெல்லிய ஓடும் முக்கோண உணர்கொம்பும் கொண்டது. அல்லி, தாமரை இலைகளின் அடிப்பக்கத்தில் கண்ணாடிபோன்ற கூழுக்குள் முட்டைகளை ஒட்டிவைக்கிறது. இண்டோபிளானார்பிஸ் எக்ஸஸ்டஸ், ஒரே தளத்தில் தட்டையாகச் சுருண்ட ஓடு உடையது. பெரும்பாலான நத்தைகளின் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது செம்பு கலந்த ஹீமோசயனின் என்பதால் அது வெளிர்நீலமாக இருக்கும். இண்டோபிளானார்பிஸின் இரத்தத்திலோ மனித இரத்தத்தில் இருப்பதைப்போன்ற, இரும்பு கலந்த ஹீமோகுளோபின் இருப்பதால் அது சிவப்பு. ஆக்சிஜன் குறைந்த, சாணமும் சேறும் கலந்த குட்டைகளிலும் அது செழிப்பதற்கு இந்தச் சிவப்பு இரத்தம் துணைசெய்கிறது. இரண்டுமே இருபாலுயிரிகள், அதாவது ஒரே உடலில் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் உண்டு. துணை கிடைக்காவிட்டால் தன் முட்டையைத் தானே கருவுறச் செய்துகொள்ளவும் இவற்றால் முடியும். மூடி இல்லாவிட்டாலும் ஈரச் சேற்றுக்குள் புதைந்து வறட்சியைத் தாங்குகின்றன, ஆனால் பைலா அளவுக்கு உறுதியாக அல்ல. ஏரி வற்றும்போது இவற்றில் பெரும்பாலானவை மடிந்து, எஞ்சிய சில மழைக்குப்பின் விரைந்து பெருகுகின்றன.

இந்த இரண்டு நத்தைகளையும் கால்நடை மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். மாடு குறட்டை விடுவதுபோல ஒலியெழுப்பி மூச்சுவிடுவதும், மூக்கிலிருந்து சளியும் இரத்தமும் வடிவதும், மூக்கினுள் பூக்கோசு போன்ற தடிப்பு வளர்வதுமாகிய குறட்டை நோய்க்குக் காரணம், மூக்குச் சவ்வின் இரத்தக்குழாய்களில் வாழும் ஒரு புழு. சென்னை மாகாணத்து மாடுகளிலிருந்து அதை விவரித்து, 1933இல் சிஸ்டோசோமா நாசேல் என்று பெயரிட்டவர் எம். அனந்த நாராயண ராவ். மாடு நீர் குடிக்கும்போது சளியோடு விழும் புழுவின் முட்டைகள் குட்டையில் பொரிந்து, மிராசிடியம் எனப்படும் கண்ணுக்குத் தெரியாத இளவுயிரியாகி, இண்டோபிளானார்பிஸ் அல்லது லிம்னேயாவின் உடலைத் துளைத்துப் புகுகின்றன. நத்தைக்குள் ஒன்று பலவாகப் பெருகி, சில வாரங்களுக்குப்பின் பிளவுபட்ட வாலுள்ள செர்கேரியா என்ற வடிவில் ஆயிரக்கணக்கில் நீரில் வெளியேறி, குட்டையில் இறங்கி நிற்கும் மாட்டின் தோலைத் துளைத்து உள்ளே போகின்றன. நத்தை இல்லாமல் இந்தச் சங்கிலி நிறைவுறாது. இப்படி நடுவில் இடம்தரும் உயிரை இடைநிலை விருந்தோம்பி என்பார்கள். இதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு புழுவான சிஸ்டோசோமா ஸ்பிண்டேலின் சுற்றை பம்பாயில் லிஸ்டனும் சோபர்க்கரும் 1918இலேயே கண்டறிந்திருந்தார்கள். ஈரலைத் தாக்கும் தட்டைப்புழுவுக்கும் லிம்னேயா குடும்பத்து நத்தைகளே இடம்தருகின்றன; அதன் இளவுயிரிகள் புல்லின்மீது ஒட்டிக்கொண்டு உறையிட்டுக் காத்திருப்பதால், நீர் வடியும் ஏரிக்கரையில் புதிதாகத் தழைத்த புல்லை மேயும் ஆடும் மாடும் அவற்றை விழுங்கிவிடுகின்றன.

மனிதரைத் தாக்கும் சிஸ்டோசோமா நோய் ஆப்பிரிக்காவில் பெருந்துயர். 2021இல் உலகெங்கும் 25 கோடிக்கும் மேற்பட்டோருக்குத் தடுப்பு மருந்து தேவைப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அங்கே அதைச் சுமக்கும் நத்தை இனங்கள் இங்கே இல்லை என்பதே இந்தியா பெரிதும் தப்பியதற்குக் காரணம். மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் கிம்வி என்ற ஊரில் 1952இல் பதிவான மனிதத் தொற்று ஒரு விதிவிலக்கு. கால்நடைப் புழுக்களின் செர்கேரியாக்கள் மட்டும் அவ்வப்போது வழிதவறி மனிதத் தோலில் நுழைகின்றன. அவை அங்கேயே மடிந்துவிடும் என்றாலும், அவற்றால் நாற்று நடுவோரின் கால்களில் அரிப்பும் சிறு கொப்புளங்களும் உண்டாகும்.

உணவாக நத்தையைக் கொள்வது இப்பகுதியில் பழைய வழக்கம். இருளர் குடும்பங்களும் வேறு பலரும் மழைக்காலத்தில் ஏரியிலும் வயலிலும் பெரிய நத்தைகளைப் பொறுக்குகிறார்கள். நல்ல நீரில் போட்டுவைத்து வயிற்றுச் சேற்றைக் கக்கவிட்டு, வேகவைத்து, சதையை உருவி, கறுத்த குடற்பகுதியை நீக்கி, மஞ்சளும் உப்பும் சேர்த்துக் கழுவிச் சமைப்பது முறை. மூலத்துக்கு நத்தைக்கறி நல்லது என்பது ஊர் நம்பிக்கை. சித்த மருத்துவத்தில் நத்தைப் பற்பமும் உண்டு. மருத்துவப் பயன் குறித்த வாதம் எப்படி இருந்தாலும், சமையல் முறையில் வேகவைப்பது தவிர்க்கக்கூடாத பகுதி: வேகாத நத்தையில் எலி நுரையீரல் புழுவின் இளவுயிரிகள் இருக்கக்கூடும், அவை மனித மூளையுறையை அடைந்தால் ஆபத்து.

ஏரி தூர்வாரும் வேலை 2017 முதல் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே மீண்டும் பரவலாக நடந்தது. வண்டலை உழவர்கள் வயலுக்கு எடுத்துச்செல்ல அனுமதியும் தரப்பட்டது. வேலை கோடையில்தான் நடக்கும், கோடையில்தான் நத்தை அந்த வண்டலுக்குள் உறங்கும். மண்வெட்டியும் கூடையும் கொண்டு ஆண்டுதோறும் சிறிது சிறிதாக அள்ளியபோது உறங்கும் நத்தைகளில் பெரும்பகுதி தப்பியிருக்கும். இயந்திரத்தால் முழுப்பரப்பையும் ஒரே கோடையில் கட்டாந்தரைவரை வழித்தெடுக்கும்போது அவ்வாறு தப்புவது கடினம். தூர்வாராமல் விடுவதற்கு இது வாதமாகாது, ஏரிக்கு ஆழம் வேண்டும். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஒரு பகுதியை விட்டுவைத்து அடுத்த பகுதியை எடுப்பதில் பெரிய செலவும் இல்லை.

நத்தை என்றதும் இன்று பலருக்கு நினைவுக்கு வருவது, மழையிரவில் சுவரேறிப் பப்பாளியையும் முருங்கையையும் தின்னும் ஆப்பிரிக்க ராட்சத நத்தை. 1847இல் கல்கத்தாவில் விடப்பட்டுப் பரவிய அது தரைவாழ் உயிர், குளத்து நத்தைக்கும் அதற்கும் நெருங்கிய உறவு இல்லை. ஏரிக்கு உண்மையான அயல்வரவு அச்சம் தென்னமெரிக்காவின் பொமேசியா. பார்வைக்குப் பைலாவின் அச்சாகவே இருக்கும் இந்த நத்தை, உணவுக்காக 1980 வாக்கில் தைவானுக்குக் கொண்டுவரப்பட்டு, தென்கிழக்கு ஆசியாவின் நெல்வயல்களில் இளநாற்றுகளை அழித்துவருகிறது. இரண்டையும் பிரித்தறிய இரண்டு அடையாளங்கள் போதும். பைலாவின் மூடி சுண்ணாம்பேறிக் கெட்டியாக இருக்கும், பொமேசியாவின் மூடி கொம்புப் பொருளாலானது, வளையும். பைலா வெள்ளை முட்டைகளைக் கரை மண்ணில் இடும். வயல்களை அழிக்கும் பொமேசியா இனம் நீருக்கு மேலே நிற்கும் தண்டுகளிலும் வரப்புக் கல்லிலும் பளிச்சென்ற இளஞ்சிவப்பு நிற முட்டைக் கொத்துகளை ஒட்டிவைக்கும். அத்தகைய கொத்து எந்த ஏரியிலாவது தென்பட்டால், அதைச் சுரண்டி நசுக்கிவிட்டு, வட்டார வேளாண்மை அலுவலகத்துக்கு உடனே தெரிவிப்பதே முறை.